கண்மாயைக் குட்டையாக்கிய என் கேமரா

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் அருப்புக்கோட்டைப் பக்கம், அதிலும் ஒரே ஊர்க்காரர்கள். மதுரையில் தோழி மகளுக்குக் கல்யாணம், போகப்போகிறேன் என்று ஒருநாள் அங்கே வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய்க்குக் கூடுதல் குழம்பு வர ஆரம்பித்தது. காரணம் இல்லாமல் எந்தக் கடையிலும் கூடுதல் குழம்பு ஊற்றமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சாப்பிட்டேன்.

காரணம் ஒரு கண்மாய். பரளச்சியில் இறங்கி உள்ளே போகவேண்டிய ஊர் அவர்களுடையது. அங்கே சீமைக்கருவேல முள் அடைத்துக் கிடந்த கண்மாயைச் சுத்தம் செய்து ஆழப்படுத்த, இவர்கள் எல்லாரும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். ஊரில் முன்நின்று வேலையை நடத்தியவர் பாண்டிச்செல்வி. கடையின் பரோட்டா மாஸ்டர் கருப்பசாமியின் மனைவி. வேலை முடிந்தது, மழையும் பெய்து தண்ணீரும் நின்றுவிட்டது. அப்போது பார்த்து, லீவில் ஊருக்குப் போய்வந்த முனியாண்டி என்பவர் கடையில் ஒரு வெடியைப் போட்டார்.

"கரையோரமா ஒரு குட்டையத் தோண்டிப்புட்டு கண்மாய்ங்காக."

அவ்வளவுதான், அடுப்படி இரண்டுபட்டது. ஊரிலிருந்து வந்த போன் படங்கள் எதற்கும் உதவவில்லை. கீழே தண்ணீர், மேலே வானம். அப்படி எடுத்தால் எங்கள் வீட்டு மீன்தொட்டிகூடக் கண்மாய்தான். வீடியோவில் காட்டச் சொன்னால் கரையில் சிக்னல் கிடையாது. செல்போன் வரைபடத்தில் பார்த்தால் அது பழைய படம், இன்னும் முள்காடாகவே தெரிகிறது.

கருப்பசாமி பாடுதான் திண்டாட்டம். மனைவிக்காகப் பேசினால் பெண்டாட்டி சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவன் என்பார்கள். பேசாவிட்டால் மனைவியைத் திருடி என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அவர் இரண்டும் செய்யாமல், வீட்டுக்குப் போன் போட்டால் "பிள்ளைக சாப்பிட்டுச்சா" என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க நேர்ல பாக்குற மாதிரியே படம் எடுப்பீகள்ல? அதுல எங்க கண்மாயக் கொண்டாங்க. உள்ளது உள்ளபடி தெரிஞ்சாப் போதும்" என்றார் என்னிடம்.

அவர் சொன்னது என் பைத்தியத்தை. இரண்டு கேமராவை அருகருகே வைத்து, இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம் என்று ஒரே நேரத்தில் எடுப்பேன். போனில் ஏற்றி, அதைக் கண்ணில் வைத்துப் பார்க்கும் ஒரு பெட்டியில் செருகினால், படம் தட்டையாக இல்லாமல் முன்னும் பின்னுமாக எழுந்து நிற்கும். எங்கள் புகைப்படக் கழகத்தில் என் மலைப் படங்களுக்குத் தனி மரியாதை உண்டு. அந்தத் திமிரில், "கண்மாயை அப்படியே கொண்டுவந்து உங்கள் கல்லாவில் வைக்கிறேன்" என்று மார்தட்டினேன். பார்க்கும் பெட்டி ஒன்றையும் கடையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கல்யாணச் சாப்பாடு செரிப்பதற்குள் அருப்புக்கோட்டையில் இறங்கினேன். எங்கள் ஊரில் மத்தியானம் ஆனால் மழை வந்துவிடும். இங்கே மத்தியானம் ஆனால் வெயில் உட்கார இடம் தேடுகிறது. ஆனால் வானம் என்றால் அதுதான் வானம். கிள்ளானில் கட்டடங்களுக்கு நடுவே துண்டு துண்டாகப் பார்த்துப் பழகியவளுக்கு, ஒரே இடத்தில் இவ்வளவையும் பார்க்கக் கழுத்து வலித்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சேவுக் கடை. சூடாகக் காராச்சேவு விழுந்துகொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே ஒரு பொட்டலம் காலி. என்னிடம் இரண்டு லென்சும் ஒரு விரல் இடைவெளியில் ஒட்டினாற்போல் இருக்கும் சின்னக் கேமரா ஒன்றும் உண்டு. அதைக் கிட்டக் கொண்டுபோய்ச் சேவுக் குவியலைப் படம் எடுத்தேன். பெட்டியில் போட்டுக் கடைக்காரரிடம் கொடுத்தேன். பார்த்தவர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். உள்ளே திரும்பி மனைவியிடம் தெலுங்கில் பேசினார். கிள்ளானில் எனக்குத் தெலுங்குப் பக்கத்து வீட்டார் இருப்பதால் பாதிக்குமேல் புரிந்தது. "வீட்டுக்கு உத்தரம் போடலாம் போலிருக்கிறது, நம் சேவைப் பார்" என்கிறார். மனைவியும் பார்த்துவிட்டு, "பக்கத்துக் கடைக்காரர் பார்த்தால் வயிறு எரிவார், அவருக்கும் காட்டு" என்றார். நான் பெருமையாகச் சிரித்தேன். சேவு ஏன் உத்தரம் ஆனது என்று அப்போதே ஒரு நிமிடம் யோசித்திருந்தால், பின்னால் வந்த வினை வந்திருக்காது.

மறுநாள் காலை பரளச்சிக்குப் பஸ். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஊருக்கு நடுவழியில் டயர் புஸ்ஸென்று உட்கார்ந்தது. டிரைவர் இறங்கி, விரல் நீளக் கருவேல முள்ளை உருவி என்னிடம் காட்டினார்.

"கண்மாயில வெட்டுன முள்ள இந்த வழியாத்தாம்மா ஏத்திட்டுப் போனாக. போனது போயிருச்சு, சிந்துனது எங்களுக்கு."

முள்ளை வெட்டியது உண்மை என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் சாட்சி அந்த டயர்தான். பின்னால் வந்த லோடு வேனில் கைகாட்டி ஏறினேன். நரிக்குடியில் வாங்கிய ஆடுகள் அதில் நின்றுகொண்டிருந்தன. இடம் கொடுக்க அவற்றுக்கு மனமில்லை. என் கேமராப் பையின் வாரை ஓர் ஆடு ஊர் வரைக்கும் சுவைத்தபடி வந்தது.

பாண்டிச்செல்வி அப்போதுதான் மில் வேனிலிருந்து இறங்கி வந்திருந்தார். நூற்பாலையில் வேலை. தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும், "அவுக சொன்ன மலேசியா அக்காவா? வாங்க. மொதல்ல சாப்பிடுங்க, அப்புறம் கண்மாயப் பாக்கலாம்" என்றார். குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும். இரண்டாம் முறை நானே கேட்டு வாங்கினேன். மூன்றாம் முறை கேட்க வெட்கப்பட்டேன், அவர் கேட்காமலே போட்டார்.

சாப்பிட்டுக் கரை ஏறினோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதையா குட்டை என்றான் அந்த முனியாண்டி? கரை வளைந்து போய்க்கொண்டே இருந்தது. அதன் மறுகோடியில் உபரித் தண்ணீர் வழியும் கலிங்கு, வெயிலில் மங்கலாகத் தெரிந்தது. இவ்வளவு தண்ணீருக்கு நடுவில் ஒரு கருவேலங்கன்றுகூட இல்லை.

"நல்லா எடுங்கக்கா. என் வார்த்தை இதுலதான் கெடக்கு. இன்னும் மடை வேலை பாக்கி. அவுக நம்பலன்னா, மடை மட்டுமில்ல, இனி இந்த ஊருல எந்தப் பொம்பள சொல்லும் எடுபடாது" என்றார்.

எனக்கு உற்சாகம் பிடிபடவில்லை. தூரத்துக் காட்சிகளை எடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. நம் இரண்டு கண்ணுக்கும் இடையே ஆறு, ஆறரை சென்டிமீட்டர்தான். கேமராக்களையும் அதே இடைவெளியில் வைத்தால் தொலைவில் இருப்பதெல்லாம் சுவரில் ஒட்டிய தாள் மாதிரித் தட்டையாகிவிடும். அதனால் மலை எடுக்கும்போது கேமராக்களை நன்றாகத் தள்ளித் தள்ளி வைப்பேன். மலை அப்படியே புடைத்து நிற்கும். இங்கும் அதையே செய்தேன். கரையில் ஒரு கேமரா, பல எட்டுத் தள்ளி இன்னொன்று, இரண்டுக்கும் சேர்த்து ஒரே ரிமோட்.

ஊர் ஜனம் கூடிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த அம்மா படம் எடுக்கிறது என்று மரியாதைக்கு எல்லாரும் கேமரா கண்ணில் படாமல் விலகி நின்றார்கள். நிற்காதவர்களை நின்றவர்கள் விரட்டினார்கள். தண்ணீர் குடிக்க வந்த மாடுகளைக்கூட ஒருவர் ஓட்டிக்கொண்டுபோய்விட்டார். "ஏலே, அந்தச் சைக்கிள எடுலே, படத்துல விழுகும்" என்று ஒரு குரல். நானும் தலையாட்டிச் சுத்தமான படத்தை எடுத்தேன்.

ஊரில் படம் போகிற அளவுக்குச் சிக்னல் தெளிவாகக் கிடைக்கும் ஒரே இடம் தண்ணீர்த் தொட்டியின் ஏணி. அதில் பாதி ஏறிப் படத்தை அனுப்பினேன். கீழே பாண்டிச்செல்வி அண்ணாந்து பார்த்தபடி நின்றார். பதில் குரல்செய்தியாக வந்தது. நான் இறங்கிவந்து அவருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன். அந்த மடத்தனத்துக்கு என்னை நானே பலமுறை திட்டிக்கொண்டாயிற்று.

முதலில் ஒரே சிரிப்பு. பிறகு ஒருவர், "அக்கா, படம் சூப்பரு. கொலுவுல வைக்கிற தெப்பக்குளம் மாதிரி அம்புட்டு அழகு" என்றார். பின்னால் முனியாண்டியின் குரல்: "நான் சொன்னப்ப அடிக்க வந்தீகளேடா. இப்ப மெஷினே சொல்லுது. இதுல ரெண்டு வாத்து விட்டா எடம் பத்தாது."

கருப்பசாமியின் குரல் அதில் இல்லை. சற்றுப் பொறுத்து அவர் தனியாக மனைவிக்கே போன் செய்தார். "என்கிட்டயாவது உண்மையச் சொல்லியிருக்கலாம்ல" என்று கேட்டது எனக்கும் கேட்டது. பாண்டிச்செல்வி போனை வைத்துவிட்டார்.

"நான் போன்ல எடுத்தப்பவாச்சும் தெரியலன்னு சொல்லிக்கிட்டு இருந்தாக. நீங்க பெரிய கேமராவுல எடுத்து இல்லன்னே ஆக்கிப்புட்டீக" என்றார் என்னிடம். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சோர்ந்துபோய்ச் சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், கஷ்டம் வந்தால் பசிக்கும். அடுத்த நாள் யார் முகத்திலும் விழிக்கத் தெம்பில்லாமல் பஸ் பிடித்து வீரசோழன் போய்ச் சேர்ந்தேன். பிரியாணி நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பொய்யில்லை. எங்கள் ஊரில் பிரியாணி என்று கொடுப்பதைச் சாப்பிட்ட வாய்க்கு இது பிராயச்சித்தம். எதிர் மேசையில் இரண்டு வியாபாரிகள் ஆட்டு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். "போட்டோவுல மாடு கணக்கா இருந்துச்சு பாய், நேர்ல பாத்தா பூனை" என்று ஒருவர் குறைப்பட்டார். "கிட்டப் போயி எடுத்திருப்பாக" என்றார் மற்றவர்.

நான் பெட்டியை எடுத்து என் கண்மாய்ப் படத்தைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. கைக்கு அடக்கமாக, அள்ளி எடுத்து மேசைமேல் வைக்கலாம் போல. அடுத்த படத்துக்குத் தள்ளினேன். காராச்சேவு வந்தது, ஒவ்வொன்றும் மரக்கட்டை கனத்தில். கறித்துண்டை வாயில் வைத்தபடியே எழுந்து நின்றுவிட்டேன். சர்வர் கல் ஏதும் கடிபட்டதோ என்று ஓடிவந்தார்.

விஷயம் இதுதான். பெட்டிக்குள் பார்க்கிறவரின் மூளைக்குக் கேமராக்களை எவ்வளவு தள்ளி வைத்தேன் என்பது தெரியாது. அதற்குத் தெரிந்தது தன் இரண்டு கண்ணுக்கு இடையே உள்ள தூரம் மட்டும். லென்சுகளை ஒரு விரல் இடைவெளியில் வைத்தால், பார்க்கிறவர் எறும்பாகிவிடுகிறார். எறும்புக்குச் சேவு உத்தரம்தானே. கேமராக்களைப் பல எட்டுத் தள்ளி வைத்தால் அவர் மலையளவு ஆளாகிவிடுகிறார். அந்த ஆளுக்குக் கண்மாய் என்ன, கடலே குட்டைதான். இத்தனை வருஷமாக என் மலைப் படங்களைக் கழகத்தில் "பொம்மை மாதிரி அழகு" என்று சொன்னார்களே, அதைப் பாராட்டு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். படிக்காத விஷயமும் இல்லை. பாராட்டு காதை அடைத்துவிட்டது.

ஊருக்குத் திரும்பி ஓடினேன். மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பாண்டிச்செல்வியை வழிமறித்து, காராச்சேவுப் படத்தையும் கண்மாய்ப் படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டி விளக்கினேன்.

"அப்ப கண்மாய் சிறுத்துப்போகல. பாத்தவுக பெருத்துப் போயிட்டாக" என்றார்.

"அதேதான். நாளைக்குச் சரியாக எடுப்போம்."

"எடுங்க. ஆனா அனுப்ப வேணாம். நீங்களே கையில கொண்டுபோயி அவுக கண்ணுல வச்சுக் காட்டுங்க. என்ன சொல்றாகன்னு நான் கேக்கணும்."

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. கேமராக்களை மனிதக் கண் இடைவெளியில், ஆள் உயரத்தில் வைத்து, கரையின் மடைப்பக்கக் கோடியிலிருந்து சோதனைக்கு ஒன்று எடுத்தேன். நான் பயந்தபடியே கிட்டத்தில் இருந்த கல் மட்டும் எழுந்து நின்றது. தூரமெல்லாம் தட்டை. பொய்யும் இல்லை, பயனும் இல்லை. அப்போதுதான் எதிரே ஒரு கிழவர் கரைமேல் நடந்து போனார். போகப் போகச் சிறுத்தார். அவர் சிறுக்கச் சிறுக்கக் கண்மாய் எனக்குப் பெரிதாகிக்கொண்டே போனது. வெறும் கண்ணால் பார்க்கும்போதும் தூரத்தை நமக்குச் சொல்வது ஆளும் ஆடும் மாடும்தான். அத்தனையையும் விரட்டிவிட்டல்லவா முதல் படத்தை எடுத்தோம்.

"எல்லாரும் கரையில் நில்லுங்கள், கிட்டேயிருந்து தூரம் வரைக்கும்" என்று அறிவித்தேன். ஊரே தலைக்குக் குளித்து வந்தது. பட்டுச் சேலை, பவுடர், மல்லிகைப்பூ. வந்தவர்கள் மொத்தமும் கேமராவுக்கு முன்னால் கைக்கெட்டும் தூரத்தில், கல்யாண குரூப் போட்டோ மாதிரி நெருக்கியடித்து நின்றார்கள். பின்னால் ஒரு கண்மாய் இருப்பதற்கான தடயமே இல்லை.

"கொஞ்சம் பின்னால் போங்கம்மா."

"நான் மாட்டேன். அம்புட்டுத் தூரத்துல போயி நின்னா எங்க வீட்டுக்காரருக்கு மூஞ்சி தெரியவா? அவுக என்னைப் பாத்து ரெண்டு வருஷமாச்சு" என்றார் முன்வரிசைப் பெண் ஒருவர்.

"அப்ப நாங்க மட்டும் போகணுமாக்கும்" என்றார் இன்னொருவர்.

நியாயமான கேள்வி. மலேசியாவுக்குப் போகும் படத்தில் புள்ளியாக நிற்க யாருக்கு மனசு வரும்? கெஞ்சிப் பார்த்தேன். அதட்டிப் பார்த்தேன். எங்கள் ஊர் வழக்கப்படி வரிசை எண் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். நகர்ந்தவர் ஒருவர், அவரும் வெற்றிலை துப்பப் போனார்.

பாண்டிச்செல்வி முன்னால் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"அவுகவுக கரைப் பங்குல போயி நில்லுங்க."

சலசலப்பு அடங்கியது. அந்த ஊரில் ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் கரையில் ஒரு பங்கு உண்டு. மழைக்கு முன்னால் அந்தப் பங்கை மண் போட்டு மேவிக் கட்டவேண்டியது அந்த வீட்டின் பொறுப்பு. எது யார் பங்கு என்பதற்குக் கல் நட்டிருக்கிறது. பங்கு என்று வந்தபிறகு யாரும் தர்க்கம் பண்ணமுடியாது. மடைப்பக்கப் பங்குக்காரர்கள் வாயெல்லாம் பல்லாக முன்னால் நின்றார்கள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையோடு நடக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குடும்பம் கழன்று நின்றது.

"உங்கள் பங்கு எது?" என்று பாண்டிச்செல்வியைக் கேட்டேன்.

"கடேசி. கலிங்குகிட்ட."

யாருக்காக இவ்வளவு பாடும்? "நீங்கள் மட்டும் இங்கேயே நில்லுங்கள். கருப்பசாமி பார்க்கவேண்டிய முகமே உங்களுடையதுதான்" என்றேன்.

"எம் பங்கு அங்கதானக்கா இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார். சிவப்புச் சேலை. நடந்தார், நடந்தார், நடந்துகொண்டே இருந்தார். எனக்குக் கொடுத்த டீ ஆறியே போனது. கடைசியில் கலிங்குப் பக்கம் சிவப்பாக ஒன்று நகர்வது நின்றது. விரட்டியடிக்கப்பட்ட மாடுகளும் இந்த முறை ராஜமரியாதையோடு தண்ணீரில் இறங்கின. எடுத்தேன். பெட்டியில் வைத்துப் பார்த்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. நான் கரைமேல் நின்றுகொண்டிருந்தேன், அந்தக் கண்மாய் முடியவே இல்லை.

கிள்ளானில் இறங்கிய மறுநாள், மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரம் கடைக்குப் போனேன். ஊருக்குப் போன் போட்டு, பாண்டிச்செல்வியைத் தண்ணீர்த் தொட்டி ஏணிக்கு வரச் சொல்லி, அந்தப் போனை ஸ்பீக்கரில் கல்லாமேல் வைத்தேன், படம் இருந்த இன்னொரு போனைப் பெட்டியில் செருகினேன். யாருக்கும் சொல்லவில்லை.

முதலில் பார்த்த பையன் பெட்டிக்குள் இருந்துகொண்டே கையை நீட்டிக் காற்றைத் தொட்டான். "ஏலே, எங்கம்மாடா. நம்ம பங்குல நிக்கிதுடா." பெட்டியை அவனிடமிருந்து பிடுங்கவேண்டியிருந்தது. அடுத்தவர் தன் அண்ணனைக் கண்டுபிடித்தார், அவருக்கு அடுத்தவர் மாட்டைக் கண்டுபிடித்தார். "என்னடா இது, கரை போயிக்கிட்டே இருக்கு" என்று ஒருவர் சொன்னது எனக்குத் தேனாக இருந்தது. முனியாண்டி வெகுநேரம் பார்த்தார். கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டினார், வளைவுக்கு அப்பால் எட்டிப் பார்க்கிறவர் போல. பிறகு பெட்டியை இறக்கி, "நான் முன்னங்கரைய மட்டுந்தான் பாத்துட்டு வந்திருக்கேன்" என்றார். வேறு யாராவது என்றால் ஆயிரம் சமாளித்திருப்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக அவர்மேல் இருந்த கோபத்தை விட்டுவிட்டேன்.

கடைசியாகக் கருப்பசாமி, கையில் மாவோடு. நான்தான் பெட்டியை அவர் கண்ணில் பிடித்துக்கொண்டேன். அவர் தலை மெதுவாக இடமிருந்து வலம் போனது. திரும்பவும் இடம் வந்தது.

"எல்லாரும் நிக்காக. எங்க வீட்டாள மட்டும் காணமேக்கா."

"உங்க பங்கு கலிங்குகிட்டதானண்ணே இருக்கு. அங்க பாருங்க" என்றான் அந்தப் பையன்.

அவர் கலிங்குப் பக்கம் உற்றுப் பார்த்தார். "அதா? கலிங்குல செங்கல்லு கெடக்குன்னுல்ல நெனச்சேன்" என்றார். மாவுக் கையாலேயே பெட்டியை வாங்கி, இன்னும் அழுத்திக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

நான் போனை அவர் பக்கம் தள்ளி, "லைனில்தான் இருக்கிறார், பேசுங்கள்" என்றேன். அவர் பெட்டியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே போன் பக்கம் குனிந்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று கடையே காத்திருந்தது.

"ஏ, பாண்டிச்செல்வி. கொஞ்சம் முன்னுக்கு வந்து நின்னிருந்தா என்ன? உன் மூஞ்சியே தெரியலயே."

அந்தப் பக்கம் தொட்டி ஏணியில் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது.

"கண்மாய் அம்புட்டுப் பெருசு. அதுக்கு நான் என்ன செய்ய?"